கிராண்ட் பேயில் வீடு, எபேனில் வேலை

மொரிசியஸுக்கு வேலைக்கு வரும் நம் ஊர்க்காரர்களிடம் எங்கே வீடு பார்க்கப் போகிறீர்கள் என்று கேட்டால், "சின்னத் தீவுதானே, எங்கே இருந்தால் என்ன?" என்பார்கள். தீவு சின்னதுதான். வடக்கு முனையிலிருந்து தெற்கு முனைவரை ஏறக்குறைய 65 கிலோமீட்டர், அகலம் 45. ஆனால் சாலைகள் போகிற விதத்தைப் பார்க்க வேண்டும். தலைநகரமான போர்ட் லூயிஸ் மலைக்கும் துறைமுகத்துக்கும் நடுவே இடுக்கில் உட்கார்ந்திருக்கிறது. வடக்கிலிருந்து வருகிற எம்2 நெடுஞ்சாலையும், தெற்கே மேட்டுநிலத்தை நோக்கி ஏறுகிற எம்1 நெடுஞ்சாலையும் அந்த இடுக்கில்தான் சந்திக்கின்றன. காலையில் பாதித் தீவு அதற்குள் நுழையப் பார்க்கும். இது வரைபடத்தில் தெரியாது. எனக்கு யாரும் சொல்லவும் இல்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

நான் 2023 நடுவில் வந்தேன். போர்ட் லூயிஸுக்குத் தெற்கே இருக்கும் அலுவலகப் பகுதியான எபேன் சைபர்சிட்டியில் ஒரு கணக்கியல் நிறுவனத்தில் வேலை. ஒவ்வொரு நாளும் லண்டன் அலுவலகம் திறப்பதற்கு முன் அவர்களுடைய கணக்குகளைத் தயாராக வைத்திருக்க வேண்டும். காலை ஒன்பது முதல் மாலை ஆறு. தனியாக வருகிற பெண் என்பதால் வீடு ஏற்பாடு செய்யும் பொறுப்பை அலுவலகமே ஒரு தரகரிடம் விட்டிருந்தது. சென்னையில் விமானம் ஏறுவதற்கு முன்பே ஒப்பந்தம் தயார். வடக்குக் கடற்கரையில் கிராண்ட் பேயில் ஒரு படுக்கையறை ஃபிளாட், சாமான்களோடு மாதம் 22,000 மொரிசியஸ் ரூபாய். "எபேனுக்கு 35 கிலோமீட்டர்கூட இருக்காது மேடம், அரை மணி நேரம்" என்று வாட்ஸ்அப்பில் குரல்செய்தி அனுப்பினார் தரகர். தாம்பரத்திலிருந்து சோழிங்கநல்லூருக்கு மழையிலும் வெயிலிலும் போய் வந்தவளுக்கு அரை மணி நேரமெல்லாம் ஒரு தூரமா? புகைப்படத்தில் பால்கனிக்குப் பின்னால் நீலமாக ஒரு கீற்று வேறு தெரிந்தது. அம்மா அந்தப் படத்தைச் சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் அனுப்பிவிட்டாள்.

அந்த அரை மணி நேரம் பொய் இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலை, கார் வைத்திருக்கிறவருக்கு அது உண்மை. எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. என் பயணம் வேறு மாதிரி. கிராண்ட் பேயில் பேருந்து ஏறினால், எக்ஸ்பிரஸ் கிடைத்தால் பாக்கியம். கிடைக்காவிட்டால் ட்ரியோலே வழியாக ஒவ்வொரு நிறுத்தமாக நின்று நின்று போகும் வண்டிதான். ட்ரியோலே முடிகிறது என்று நினைக்கும்போதெல்லாம் இன்னும் கொஞ்சம் ட்ரியோலே வரும். வடக்குப் பேருந்துகள் போர்ட் லூயிஸில் இம்மிக்ரேஷன் ஸ்குவேர் பக்கம் இறக்கிவிடும். எனக்கு வேண்டிய தெற்குத் திசை வண்டிகள் நகரத்தின் மறுபக்கம், விக்டோரியா நிலையத்தில். நடுவில் சந்தையைத் தாண்டி நடக்க வேண்டும். அங்கிருந்து மெட்ரோ பிடித்து ரோஸ் ஹில், ரோஸ் ஹில்லில் இறங்கி எபேன் கிளைக்கு மாற்றம். வாசல் பூட்டியதிலிருந்து அலுவலக நாற்காலியில் உட்காருகிறவரை நல்ல நாளில் இரண்டு மணி நேரம். திரும்பி வரவும் அதே கணக்கு. ஆறே முக்காலுக்குக் கிளம்பினால்தான் ஒன்பதுக்குப் போய்ச் சேர முடியும்.

முதல் மாதம் முழுக்க இதெல்லாம் பழகிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உடம்பு பழகவில்லை. ஜூலை, ஆகஸ்டில் இங்கே குளிர்காலம். மாலை ஆறு மணிக்கெல்லாம் இருட்டிவிடும். காலையில் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கிளம்பி, இருட்டில் வந்து கதவைத் திறப்பேன். கடலுக்காகக் கூடுதல் வாடகை கொடுத்தவள் அதைப் பார்த்தது ஞாயிற்றுக்கிழமை மட்டும், அதுவும் துணி துவைத்து வாரத்துக்கான சமையலை முடித்த பிறகு. ஊரிலிருந்து கூப்பிடுகிறவர்கள் "பீச்சுக்குப் போனியா?" என்று கேட்கும்போது எரிச்சல் வரும். யாரிடமும் சொல்லவில்லை. வெளிநாட்டு வேலை கிடைத்தவள் பேருந்தைப் பற்றிப் புலம்பினால் யார் காது கொடுப்பார்கள்?

அப்புறம் அக்டோபர் கடைசி வந்தது. இந்தத் தொல்லையை நான் கொஞ்சமும் எதிர்பார்க்கவில்லை. மொரிசியஸ் கடிகாரத்தை மாற்றுவதில்லை. 2008இல் முயன்று பார்த்துவிட்டுக் கைவிட்டுவிட்டார்கள். பிரிட்டனில் அக்டோபர் கடைசி ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளுவார்கள். பிரிட்டனின் கோடையில் லண்டனைவிட மூன்று மணி நேரம் முன்னால் இருக்கிற நாங்கள், அன்றிலிருந்து நான்கு மணி நேரம் முன்னால். எங்கள் ஷிஃப்ட் பத்து முதல் ஏழு என்று ஆகிவிட்டது. அலுவலகத்தில் எல்லாருக்கும் காலையில் ஒரு மணி நேரம் கூடுதல் தூக்கம் என்று சந்தோஷம். எனக்கோ கடைசிப் பேருந்து போய்விட்டது. இந்தத் தீவில் கிராமப்புற வழித்தடங்களில் பேருந்து ஆறரை, ஏழு மணியோடு அடங்கிவிடும். ஏழு மணிக்கு எபேனில் பையை எடுத்தால் போர்ட் லூயிஸ் போவதற்குள் வடக்கே போகும் வண்டி இருக்காது. பாரிஸ், லண்டன் நேரத்துக்கு வேலை பார்க்கும் அலுவலகங்கள் எபேனில் நிறைய. வேலைக்குச் சேரும்போது ஐரோப்பியக் கோடை ஷிஃப்ட்டைத்தான் சொல்வார்கள். நவம்பர் முதல் மார்ச் வரை ஷிஃப்ட் எத்தனை மணிக்கு முடியும் என்று தனியாகக் கேளுங்கள். அந்த நேரத்தை வைத்துக்கொண்டு வீட்டுக்குத் திரும்பும் வழியைப் பாருங்கள்.

அதற்கப்புறம் டாக்சி வாழ்க்கை. எபேனிலிருந்து கிராண்ட் பேவரை தனியாகப் போனால் ஆயிரத்துக்கு மேல் கேட்பார்கள். மழை என்றால் ஆயிரத்து ஐந்நூறு. ஏறும் முன் பேரம் பேசி முடித்துவிட வேண்டும், மீட்டரை நம்பிப் பயனில்லை. டாக்சி த்ரேன் என்று பலரை ஏற்றிக்கொண்டு ஒரே வழியில் ஓடும் பகிர்வு டாக்சிகளும் உண்டு, மலிவுதான், ஆனால் ராத்திரியில் அதற்கும் ஆள் சேர வேண்டும். உரிமம் இல்லாமல் ஓடுகிற வண்டிகளும் பக்கத்தில் வந்து நின்று கூப்பிடும். அதில் நான் ஏறியதில்லை, நீங்களும் ஏறாதீர்கள். மொரிசியஸ் ரூபாய் நோட்டில் தமிழிலும் மதிப்பு அச்சிட்டிருப்பார்கள். வந்த புதிதில் அதைப் பார்த்துக் கண் கலங்கினேன். நவம்பரில் அதே நோட்டுகளை ஓட்டுநரிடம் எண்ணிக் கொடுக்கும்போது வேறு காரணத்துக்காகக் கலங்கியது.

கொஞ்ச நாள் ஒரு சக ஊழியரின் காரில் பெட்ரோல் காசைப் பகிர்ந்துகொண்டு போனேன். அவர் போர்ட் லூயிஸுக்குள் போகாமல் தேர் ரூஜிலிருந்து மலைப்பக்கமாக வெர்தன், த்ரியானோன் என்று சுற்றிக்கொண்டு எபேனுக்கு வரும் புதிய சாலையில் ஓட்டுவார். நெரிசலைத் தவிர்க்க நல்ல வழிதான். ஆனால் மழைக்காலத்தில் மூடுபனி இறங்கிவிடும். 2015 தொடக்கத்தில் ரிப்பாய் அருகே சாலையே விரிசல் விட்டு மூடிய கதையை அவர் வாரம் ஒரு முறையாவது சொல்வார். அவர் பழக இனிமையானவர், ஆனால் மாலையில் அவருக்கு ஜிம், பிறந்தநாள், மாமியார் வீடு. அடுத்தவர் காரை நம்பி ஓராண்டு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வேண்டாம். அவர் வேலை மாறினால் நாம் மறுபடி பேருந்து நிறுத்தத்தில் நிற்க வேண்டியதுதான். டிசம்பரில் அவர் உண்மையாகவே வேலை மாறினார்.

டிசம்பரைப் பற்றி இன்னொன்று. அந்த மாதம் சாலைகள் காலியாக இருக்கும். இங்கே பள்ளி ஆண்டு ஜனவரியில் தொடங்கி நவம்பரோடு முடிகிறது. டிசம்பரில் பிள்ளைகளைக் கொண்டுவிடும் கார்களும் இல்லை, ட்யூஷன் வேன்களும் இல்லை. அந்த மாதம் வீடு தேடுகிறவர்களுக்கு எல்லா இடமும் பக்கமாகத் தெரியும். ஜனவரியில் பள்ளி திறந்ததும் எபேன் பக்கத்து ரெதுய் ரவுண்டானாவின் நெரிசலைப் போய்ப் பாருங்கள்.

என்னை அசைத்தது 2024 ஜனவரி 15. பெலால் புயல் தீவை நெருங்கிய திங்கட்கிழமை. காலையில் எல்லாரும் வழக்கம்போல் வேலைக்குப் போயிருந்தோம். புயல் எச்சரிக்கை இங்கே நான்கு படிகளில் ஏறும். மூன்றாம் வகுப்பு வந்துவிட்டால் பேருந்துகள் நின்றுவிடும், எல்லாரும் வீட்டுக்குள். மதியத்துக்குள் போர்ட் லூயிஸில் வெள்ளம் புகுந்து கார்களை அடித்துக்கொண்டு போன வீடியோக்கள் கைக்குக் கை வந்தன. 2013 மார்ச்சில் இதே நகரத்தில் திடீர் வெள்ளத்தில் பதினொரு பேர் இறந்ததை அலுவலகத்தில் பெரியவர்கள் பேசத் தொடங்கினார்கள். எல்லாரையும் வீட்டுக்குப் போகச் சொன்னார்கள். என் வீடு அந்த வெள்ளத்துக்கு அந்தப் பக்கம். எபேன் காலியாகிக்கொண்டிருக்க, நான் லிஃப்ட் பக்கத்தில் நின்று கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பயத்தைவிட அவமானமாக இருந்தது, ஏன் என்று சொல்லத் தெரியவில்லை. ரோஸ் ஹில்லில் இருக்கும் ஒரு தோழி, "ஏன் நிக்கறே, வா" என்று காரில் ஏற்றிக்கொண்டாள். அன்று மாலை ஊரடங்கும் போட்டார்கள். அவள் வீட்டு சோபாவில்தான் தூங்கினேன். அலுவலகத்திலிருந்து அவள் வீட்டுக்கு வந்து சேர எவ்வளவு குறைவான நேரம் ஆனது என்பதுதான் அன்று இரவு முழுக்க மனதில் ஓடியது.

அந்த வாரமே ஒப்பந்தத்தை எடுத்துப் படித்தேன். ஆண்டு முடிவதற்குள் காலி செய்தால் முன்பணம் திரும்பாது, இரண்டு மாத அறிவிப்பும் தர வேண்டும் என்று இருந்தது. தரகரைக் கேட்டால், எல்லா ஒப்பந்தமும் இப்படித்தான் என்றார். முன்பணம் 22,000 போனது. அறிவிப்புக் காலத்தில் ஒரு மாதம் இரண்டு வீட்டுக்கும் வாடகை கட்டினேன். புது வீட்டுத் தரகுக் கட்டணம், சாமான் ஏற்ற வேன், அதற்கு முன் மாதக்கணக்கில் கொடுத்த டாக்சிக் காசு எல்லாம் கூட்டினால் ஒரு லட்சம் மொரிசியஸ் ரூபாயைத் தாண்டிவிட்டது. நம் பணத்தில் ஒன்றே முக்கால் லட்சத்துக்கு மேல். தம்பியின் கல்லூரிக் கட்டணத்துக்கு என்று எடுத்து வைத்திருந்த தொகை அது.

இரண்டாவது வீட்டை எப்படித் தேடுவது என்பதைச் சொல்லிக்கொடுத்தது ஒரு ஓய்வுபெற்ற தமிழாசிரியை. ஜனவரி 25 தைப்பூசக் காவடி; இங்கே அது அரசு விடுமுறை. கத்ர் போர்னில் கோர் த கார்த் மலையடிவாரத்து முருகன் கோயிலில் அவரைப் பார்த்தேன். வீட்டில் இந்தத் தீவின் பேச்சுமொழியான கிரியோல் பேசுகிற குடும்பம். அவர் தமிழ் மட்டும் பாடப்புத்தகம் போல அட்சர சுத்தமாக இருக்கும். கதையைக் கேட்டுவிட்டு, "வேலை நாளில் காலை ஏழரை மணிக்கு அந்த வீட்டு வாசலில் நில்லுங்கள், மகளே. அங்கிருந்து அலுவலகத்திற்குச் செல்லுங்கள். மாலையில் அலுவலகத்திலிருந்து அதே வாசலுக்குத் திரும்பி வாருங்கள். பிறகு சாவியைக் கேளுங்கள்" என்றார். எளிய யோசனைதான். ஆனால் ஒரு தரகரும் ஏழரை மணிக்கு வர மாட்டார். அவர் வரத் தேவையில்லை, முகவரி போதும் என்று சொல்லிவிட்டு நானே போனேன்.

முதலில் கியூர்பிப். வாடகை மலிவு, மெட்ரோ இருக்கிறது. 550 மீட்டர் உயரத்தில் உள்ள ஊர். இதில் ஒரு சரித்திரமும் உண்டு. 1860களில் போர்ட் லூயிஸில் மலேரியா பரவியபோது வசதியுள்ளவர்கள் மேட்டுநிலத்துக்கு ஓடினார்கள். அதே காலத்தில் ரயிலும் வந்தது. மேலே குடியிருந்து கீழே தலைநகரத்துக்கு வேலைக்குப் போய் வருவது அன்று தொடங்கிய பழக்கம். பயணிகள் ரயில் 1956இல் நின்றுபோனது. 2020 ஜனவரியில் ஓடத் தொடங்கிய மெட்ரோ எக்ஸ்பிரஸ் பெரும்பாலும் அந்தப் பழைய பாதையையே பிடித்துக்கொண்டு போகிறது. கியூர்பிப்வரை வந்தது 2022 அக்டோபரில். ஆக, வண்டி நன்றாகத்தான் இருந்தது. ஆனால் நான் பார்த்த வீட்டில் அலமாரிக்குப் பின்னால் சுவர் முழுக்கப் பூஞ்சை. கியூர்பிப்பில் மழையும் ஈரமும் ஓயாது; துணி காயாது. மூச்சிரைப்பு இருக்கிறவர்கள் அங்கே வாடகை மலிவைப் பார்த்து மயங்க வேண்டாம். மகா சிவராத்திரிக்கு முந்தைய நாட்களில் கிராண்ட் பாசின் புனித ஏரிக்குக் காவடிகளோடு நடந்து போகும் பக்தர்களால் அந்தப் பக்கத்துச் சாலைகள் நெரிசலாகிவிடும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

அடுத்தது கத்ர் போர்ன். நம் ஆட்களுக்குப் பிடித்த ஊர். கோயில், சந்தை, காய்கறி எல்லாம் உண்டு. வரைபடத்தில் எபேனுக்குப் பக்கத்தில். ஆனால் மெட்ரோவில் போனால் முதலில் ரோஸ் ஹில்லுக்குப் போய், அங்கே மாறித் திரும்ப எபேனுக்கு வர வேண்டும். கார் இருந்தால் கத்ர் போர்ன்தான் என்று சொல்வேன். கடல் ஆசையில் மேற்கே ஃபிளிக் ஆன் ஃபிளாக் பார்க்கிறவர்களுக்கு என் கிராண்ட் பே கதையே போதும். எபேனிலேயே குடியிருந்தால்? புதிய அடுக்குமாடிகள் இருக்கின்றன, நடந்தே வேலைக்குப் போகலாம். ஒரு சனிக்கிழமை மாலை அங்கே சுற்றிப் பார்த்தேன். கண்ணாடிக் கட்டடங்கள் பூட்டிக் கிடந்தன, தெருவில் ஆளில்லை, ஒரு ரொட்டி வாங்கக்கூட வண்டி தேட வேண்டும் போல இருந்தது. குடும்பத்தோடு, காரோடு வருகிறவர்களுக்குச் சரிப்படலாம். தனியாக இருக்கிறவளுக்கு அந்த அமைதி ஆகாது.

கடைசியில் ரோஸ் ஹில். எபேன், ரெதுய் போகும் மெட்ரோ கிளை 2023 ஜனவரியில் இங்கிருந்துதான் தொடங்கியது. ஆசிரியை சொன்னபடி ஏழரைக்கு வாசலில் நின்று கிளம்பினேன். நடை, காத்திருப்பு, வண்டி எல்லாம் சேர்த்து அரை மணி நேரத்துக்குள். தரகர் முதலில் வாக்குக் கொடுத்த அதே அரை மணி நேரம்! மாலை ஏழரைக்குத் திரும்பும்போதும் நிலையத்தைச் சுற்றிக் கடைகள் திறந்திருந்தன, மனிதர்கள் நடமாடினார்கள். வாடகை 16,000. வீடு பழையது. கீழே தெருவில் ஹார்ன் சத்தம். பால்கனியில் நின்றால் எதிர் வீட்டுத் தண்ணீர்த் தொட்டிதான் தெரியும். வெயில் காலத்தில் குழாயில் நாள் முழுக்கத் தண்ணீர் வராது, அதனால் தொட்டி இருக்கிற வீடாகப் பார்க்க வேண்டியிருந்தது. மறுபடி கேட்டால் இதையே எடுப்பேன். நாளுக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் கையில் மிஞ்சுகிறது. கிரியோல் வகுப்புக்குப் போகிறேன். கடலை இப்போதுதான் அதிகம் பார்க்கிறேன். சனிக்கிழமை காலையில் பேருந்து பிடித்துப் போய், குளித்துவிட்டு, மதியமே திரும்பிவிடுவேன்.

இந்த முறை ஒப்பந்தத்தில் ஒரு மாத அறிவிப்பு கொடுத்து விலகலாம் என்ற வரியைச் சேர்க்கச் சொன்னேன். வீட்டுக்காரர் முதலில் முகம் சுளித்தார், அப்புறம் ஆறு மாதத்துக்குப் பிறகு என்றால் சரி என்று எழுதிக்கொடுத்தார். கேட்டால் கிடைக்கிறது. ஊரிலிருந்து கையெழுத்துப் போட்டுவிட்டு வர வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. முதல் மாதத்துக்கு அலுவலகத்திடம் ரோஸ் ஹில்லிலோ கத்ர் போர்னிலோ தற்காலிக அறை கேளுங்கள், வந்து இறங்கிய பிறகு வீட்டைத் தேடுங்கள். ராத்திரி ஷிஃப்ட்டுக்கு வேன் விடுவோம் என்று நேர்காணலில் சொன்னால், எந்த ஊர்வரை, எத்தனை மணிவரை, ஒரே ஒருத்தர் அந்தத் திசையில் இருந்தாலும் விடுவார்களா என்று கேட்டு, பதிலை மின்னஞ்சலில் வாங்கிக்கொள்ளுங்கள். என் அலுவலகத்திலும் வேன் இருந்தது. அது போர்ட் லூயிஸைத் தாண்டி வடக்கே வராது என்பது எனக்கு நவம்பரில்தான் தெரிந்தது.